குட்லாடம்பட்டி அருவி ஆடியில் ஏன் வறண்டு கிடந்தது?

மதுரை மாவட்டம் வாடிப்பட்டி அருகே, சிறுமலை அடிவாரத்தில் இருக்கிறது குட்லாடம்பட்டி அருவி. ஆடியில் போனால் வெறும் காய்ந்த பாறைதான் இருந்தது, வழி தவறிவிட்டோமோ என்று கேட்கிறீர்கள். நீங்கள் வழி தவறவில்லை. அந்தக் காய்ந்த பாறைதான் அருவி.

குற்றாலச் சீசனை மனதில் வைத்துப் போயிருப்பீர்கள். குற்றாலத்துக்குத் தென்மேற்குப் பருவமழை. சிறுமலைக்கோ பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழைதான். அப்போது போங்கள், அருவிவரை சின்ன நடைதான்.

கிளம்புமுன் வாடிப்பட்டிப் பக்கம் யாரிடமாவது கேளுங்கள்: மலை மேலே மழையா? ஊருக்குள் பெய்தது கணக்கில்லை. அருவி திறந்திருக்கிறதா என்று வனத்துறையிடமும் கேட்டுவிடுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். குளிக்கும்போது தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமாகி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் உடனே கரையேறிவிடுங்கள். மேலே மழை கொட்டுகிறது என்று அர்த்தம். பாசிப் பாறையில் குழந்தைகளை விடவே விடாதீர்கள்.