நல்லமிளகோடு ஏறும் பெரணிக் கொடி: இழுக்க வேண்டாம், அறுத்து விடுங்கள்

கேள்வி: குலசேகரம் பக்கம் எனக்குக் கமுகுத் தோட்டம் இருக்கிறது. கமுகில் நல்லமிளகுக் (குறுமிளகு) கொடி ஏற்றியிருக்கிறேன். தோட்டத்தின் மேல் எல்லையில் காடு. இரண்டு வருடமாகக் கம்பி மாதிரி ஒரு பெரணிக் கொடி மிளகைச் சுற்றிக்கொண்டு உச்சி வரை போகிறது. இழுத்தால் மிளகும் சேர்ந்து வருகிறது. படம் அனுப்பியிருக்கிறேன். இது புல்லுருவி மாதிரி உறிஞ்சுமா? களைக்கொல்லி அடிக்கலாமா? வெட்டியதை மாட்டுக்குப் போடலாமா?

பதில்: புல்லுருவி பயம் வேண்டாம். படத்தில் இருப்பது லைகோடியம் என்னும் கொடிப் பெரணி. மண்ணில் வேர் விட்டு, தன் சாப்பாட்டைத் தானே தேடிக்கொள்ளும் செடி. மிளகிடமிருந்து அது பறிப்பது வெயிலைத்தான். மிளகு இலைக்கு மேல் இன்னொரு போர்வை விழுந்தால் காய்ச் சரம் குறையும், மழைக்காலத்தில் ஈரமும் காயாது. வாடல் நோய்க்கு அது போதும்.

இந்தச் செடியில் ஒரு வேடிக்கை உண்டு. நீங்கள் தண்டு என்று நினைத்து இழுப்பது தண்டே அல்ல, இலையின் நடு நரம்பு. தரையிலிருந்து உச்சி வரை போகிற அந்த முழுக் கொடியும் ஒரே இலை! நுனி வளர்ந்துகொண்டே போகும், போகிற வழியில் கிடைத்ததைச் சுற்றும். உண்மையான தண்டு மண்ணுக்குள் கறுத்த மயிர் மூடிக் கிடக்கும் கிழங்கு போன்ற பாகம்தான். வேலையை அங்கேதான் வைக்க வேண்டும்.

அதனால் இழுக்காதீர்கள். பழக்கமில்லாத காலத்தில் நானும் இழுத்திருக்கிறேன். பெரணி ஒரு முழம் வந்தது, சரம் பிடிக்கும் பக்கக் கிளைகள் ஒரு கூடை வந்தன. மிளகின் பக்கக் கிளை கணுவில் பட்டென்று ஒடியும், பெரணி நரம்போ கம்பி. யார் ஜெயிப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

முழங்கால் உயரத்தில் வெட்டுக்கத்தியால் அறுத்துவிட்டு, மேலே இருப்பதை அப்படியே தொங்க விடுங்கள். அறுந்த இலை வேர் பிடிக்காது, சில வாரத்தில் காய்ந்துவிடும், பிறகு மெல்ல உதிரும். இதன் நெருங்கிய உறவான இன்னொரு லைகோடியம், நம் பக்கத்துச் செடிதான், அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போய்க் காட்டையே மூடிவிட்டது. அங்கும் இடுப்பளவில் அறுத்து மேல்பாகத்தைத் தொங்க விடுகிற முறைதான் நடக்கிறது. அடக்கி வைக்க 2008-ல் ஒரு சிறு அந்துப்பூச்சியையும் அங்கே விட்டார்கள்.

அறுப்பதற்கு முன் இலை ஓரத்தைப் பாருங்கள். சில இலைகளில் ஓரம் முழுக்க அரிசி முனை போலச் சின்னச் சின்ன விரல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். விதைக்குப் பதிலாக வித்துத்தூள் இருப்பது அங்கேதான். அது பழுப்பாவதற்கு முன் அறுப்பது உத்தமம். பழுத்துவிட்டதென்றால் காற்றில்லாத காலை ஈரத்தில் அறுங்கள், கைக்கு எட்டிய பழுத்த இலைகளைச் சாக்கில் போட்டு எரித்துவிடுங்கள். மற்றதைக் கமுகுக்கு மூடாக்காகப் போடலாம்.

அப்புறம் கிழங்கு. மிளகின் உணவு வேர்கள் மேல்மண்ணில்தான் ஓடுகின்றன, ஆகவே கொடி மூட்டிலிருந்து இரண்டு அடிக்குள் மண்வெட்டி போகக் கூடாது. அந்த வட்டத்துக்கு வெளியே உள்ளதைக் கோடை மழையில் மண் இளகியதும் தோண்டி எடுங்கள். உள்ளே இருப்பதைக் கத்தியால் மட்டும் கவனியுங்கள். சுருண்ட இளந்தளிர் தலை தூக்கும்போதெல்லாம் அறுத்தால் கிழங்கு இளைத்துப் போகும். ஒரு பருவத்தில் முடியாது, சலிக்காமல் செய்யுங்கள். மிளகு அறுவடை முடிந்த கையோடு தொடங்குவது ஏற்றது. ஜூன் மழை பிடித்த பிறகு மிளகு மூட்டில் கொத்தவே கூடாது, காயப்பட்ட வேர் வழியாக வாடல் நோய்ப் பூசணம் எளிதில் ஏறும்.

களைக்கொல்லி வேண்டாம். கிளைபோசேட்டுக்கு இங்கே பரிந்துரை இருப்பது தேயிலைக்கும் பயிரில்லாத இடத்துக்கும்தான். பின்னிக் கிடக்கும் இரண்டு கொடியில் ஒன்றின் மேல் மட்டும் மருந்து படும்படி அடிக்க யாராலும் முடியாது.

மாட்டுக்கும் வேண்டாம். எல்லாப் பெரணியும் விஷம் என்று சொல்லவில்லை. ஆனால் மலையில் திறந்த இடத்தில் வளரும் பிராக்கன் பெரணியைத் தொடர்ந்து தின்ற மாடுகள் ரத்த மூத்திரம் போவதும், மூத்திரப் பையில் கட்டி வருவதும் தெரிந்த சங்கதி. புல் கிடைக்கிற ஊரில் அந்தச் சோதனை எதற்கு?

காட்டோரத்தில் வித்துத்தூள் வந்துகொண்டேதான் இருக்கும். அது முளைக்க நிழலும் ஈரமும் வேண்டும். எல்லையில் கவிந்திருக்கும் உங்கள் சொந்த மரங்களின் கிளைகளை மழைக்கு முன் கழித்துவிடுங்கள், காட்டு மரத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம். அதோடு மண்ணையும் ஒரு முறை பரிசோதித்துப் பாருங்கள். புளிப்பு கூடுதலாக இருந்தால் ஏப்ரல்-மே மாதத்தில் மிளகுக் கொடி ஒன்றுக்கு அரை கிலோ சுண்ணாம்பு, ஒன்று விட்டு ஒரு வருடம்.