ஒரு ரூம்லேர்ந்து அடுத்த ரூமுக்குப் போறதுக்குள்ள எதுக்கு வந்தேன்னே மறந்துடுது. ஒர்க்கிங் மெமரிய (கொஞ்ச நேரத்துக்கு மட்டும் மனசுல பிடிச்சு வெச்சிக்கிற ஞாபகம்) ஏத்த ப்ரெய்ன் கேம் ஆப் வாங்கலாமா?

வாங்காதீங்க. அனேகமா நீங்க ஒரு பக்கம் போன், ஒரு பக்கம் சாட்னு வேலை பாக்குற ஆளாத்தான் இருப்பீங்க, அப்படி இல்லேன்னாலும் பதில் இதேதான்.

இந்த ஆப் சமாச்சாரத்துல எனக்கு பழைய கடுப்பு ஒண்ணு இருக்கு. கஸ்டமர் கேர்ல இருந்தப்ப கஸ்டமர் நீளமா ஒரு ரெஃபரன்ஸ் நம்பர் சொல்வாங்க, அத அடிச்சு முடிக்கறதுக்குள்ள சூப்பர்வைசர் ஹெட்செட்ல வந்து "கால் நீளுது, சீக்கிரம் முடி"ம்பார், அவ்ளோதான், நம்பர் காலி. திரும்பக் கேட்டா கஸ்டமர் கத்துவாங்க. இதுக்கு மேலிடம் கண்டுபிடிச்ச வைத்தியம், எல்லாரும் தினம் மெமரி கேம் ஆடணும், ஸ்கோர போர்டுல ஒட்டுவாங்க. டீம்ல நான்தான் டாப்பு (ஆமா, பெருமைக்குத்தான் சொல்றேன்). ஆனா கால் வந்தா நம்பர் தவறுறது தவறிக்கிட்டேதான் இருந்துச்சு.

அந்தக் கோவத்துல தேடிப் படிச்சதுதான் இதெல்லாம், நான் சைக்காலஜி படிச்ச ஆள் இல்ல, படிச்சவங்க சண்டைக்கு வராதீங்க. பேட்லி, ஹிட்ச்னு ரெண்டு சைக்காலஜிஸ்ட் 1974ல சொன்ன மாடல்படி, கேட்டத உள்ளுக்குள்ள முணுமுணுத்துக்கிட்டே பிடிச்சு வெச்சிக்க தனியா ஒரு எடம் இருக்கு. பக்கத்துல யாராவது பேசுனா, நாம காது குடுக்கலேன்னாலும் அந்தப் பேச்சு அங்க பூந்து கலைச்சிடும். அப்ப கோளாறு என் மூளைல இல்ல, சூப்பர்வைசர் வாய்ல! மொத்தத்துல இந்த தற்காலிக ஞாபகமே ரொம்பச் சின்னது, மில்லர்ங்கற சைக்காலஜிஸ்ட் 1956ல சுமாரா ஏழு சங்கதி நிக்கும்னார், கோவன்னு இன்னொருத்தர் 2001ல சுமாரா நாலுதான்னு கொறைச்சிட்டார்.

பயிற்சி பண்ணா ஞாபகம் ஏறாதான்னு கேப்பீங்க. 1980ல வந்த ஒரு ஆய்வுல ஒரு காலேஜ் பையன் 200 மணி நேரத்துக்கு மேல பழகி, ஏழு இலக்கத்துலேர்ந்து 79 இலக்கம் வரைக்கும் ஒரு தடவ கேட்டே திருப்பிச் சொன்னான். அவன் ஓட்டப்பந்தய ஆளு, நம்பரயெல்லாம் ரேஸ் டைமிங்கா மாத்தி கட்டு கட்டா வெச்சிக்கிட்டான். அதே பையன்கிட்ட நம்பருக்கு பதிலா எழுத்து குடுத்தாங்க, ஆறோட நின்னுட்டான். எதப் பழகுறமோ அதுதான் ஏறும், என் கேம் ஸ்கோர் ஏறுன கதையும் அதேதான். அமெரிக்காவுல ஒரு பெரிய ப்ரெய்ன் கேம் கம்பெனி ஓவரா விளம்பரம் பண்ண வழக்குல 2016ல 20 லட்சம் டாலர் கட்டுச்சு, அதயும் யோசிச்சுக்கோங்க.

எனக்கு வேலை செஞ்சது வேற. "நாலு நாலா சொல்லுங்க"ன்னு கஸ்டமர்கிட்டயே கேட்டு, ஒவ்வொரு நாலயும் சத்தமா திருப்பிச் சொல்லிக்கிட்டே அடிப்பேன், சூப்பர்வைசர் அப்புறம் பேசட்டும். உங்க ரூம் பிரச்சனைக்கும் அதான், எந்திரிக்கும்போதே "கத்திரிக்கோல்"னு வாய் விட்டு சொல்லுங்க, போய் எடுக்கற வரைக்கும் சொல்லிட்டே போங்க, வழில செல்போன மட்டும் பாக்காதீங்க. வாசப்படி தாண்டுறதே மறதிய கொஞ்சம் கூட்டுதுன்னு ஆராய்ச்சியே இருக்கு, அதனால பயப்பட வேணாம். தூக்கம் சரியில்லேன்னா மொதல்ல அதப் பாருங்க, திடீர்னு மறதி ஜாஸ்தியாச்சுன்னா டாக்டர்கிட்ட போங்க, இங்க பதில் தேடாதீங்க.

சம்பந்தமில்லாம ஒண்ணு, இந்த வாய்ஸ் நோட் அனுப்புறவங்கள என்ன பண்றது? மூணு நிமிஷம் வளவளன்னு பேசி நடுவுல எங்கயோ ஒரு அட்ரஸ், ஒரு தேதி, ரெண்டு வேலை. டைப் பண்ணி அனுப்புங்கன்னா நமக்கு திமிராம்.