வலிப்பு நோய்: கேளுங்கள், சொல்கிறேன்

நரம்பியல் பிரிவில் பல வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். மாத்திரையின் அளவை மட்டும் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், மற்றதை இங்கே கேட்கலாம்.

பஸ் ஸ்டாண்டில் ஒருவருக்கு வலிப்பு வந்ததும் ஆளாளுக்குச் சாவியைத் தேடினோம். இரும்பு கொடுத்தால் நிற்குமா அக்கா?

நிற்காது. பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாகவே அடங்கிவிடும், அந்த நேரம் பார்த்துக் கையில் சாவி இருந்ததால் பெயரைச் சாவி வாங்கிக்கொள்கிறது. நீங்கள் முதலில் மணியைப் பாருங்கள். பக்கத்தில் கல், கம்பி கிடந்தால் தள்ளிவிட்டு, தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள், உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கைகாலை அழுத்திப் பிடிக்கக் கூடாது. வாயில் ஸ்பூன், தண்ணீர், சோடா எதுவும் வேண்டாம். நாக்கை விழுங்கிவிடுவார் என்பதெல்லாம் வீண் பயம், ஸ்பூனைத் திணித்துப் பல் உடைவதுதான் நிஜத்தில் நடக்கிறது. 5 நிமிடத்தைத் தாண்டினாலோ நினைவு திரும்பாமலே மறுபடி வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

தம்பிக்குத் தலைக்குக் குளிக்கும்போது மட்டும் வருகிறது. காத்து கருப்பு என்கிறார் பாட்டி.

பாட்டியைக் கோபிக்காதீர்கள், ஆனால் தம்பியை நரம்பியல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். வெந்நீர் வலிப்பு என்றே ஒன்று உண்டு. தென்னிந்தியாவில், அதிலும் கர்நாடகத்தில் நிறையப் பேருக்குப் பதிவாகியிருக்கிறது. சுடச்சுட மொண்டு மொண்டு தலையில் ஊற்றுவதுதான் பெரும்பாலும் கிளப்பிவிடும், அதனால் தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருக்கட்டும், கதவையும் தாழ்ப்பாள் போட வேண்டாம். சிலருக்குக் குளிப்பதற்கு முன் போட மட்டும் மாத்திரை எழுதித் தருவதுண்டு. அடுத்த முறை வந்தால் கூட இருப்பவர் போனில் வீடியோ எடுக்கட்டும், நீங்கள் வாயால் சொல்வதைவிட டாக்டருக்கு அது உதவும்.

மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டாம் என்கிறார் அம்மா. சொல்லலாமா?

சொல்லிவிடும்மா. இந்து திருமணச் சட்டத்தில் திருமணத்துக்குத் தடையாக இருந்த வலிப்பை 1999 திருத்தத்திலேயே எடுத்துவிட்டார்கள், நம் வீடுகளில்தான் இன்னும் எடுக்கவில்லை. மறைத்துக் கட்டிக்கொடுத்தால் என்ன ஆகிறது தெரியுமா? கல்யாண வேலையில் தூக்கம் கெடும், புது வீட்டில் மாத்திரையை ஒளித்து வைத்துப் போட முடியாமல் விட்டுப்போகும், இரண்டும் சேர்ந்தால் வலிப்பு வர வேறு காரணமே வேண்டாம். அப்புறம் இன்னொன்று: வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறாய் என்றால் குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே டாக்டரிடம் பேசு. கருவில் இருக்கும் பிள்ளையை அது பாதிக்கலாம், பெரும்பாலும் வேறு மாத்திரைக்கு மாற்றுவார்கள், ஃபோலிக் அமிலமும் தருவார்கள். பயந்துபோய் நீயாக நிறுத்திவிடாதே.

3 வருடமாக வரவே இல்லை. மாத்திரையை விட்டுவிடலாமா?

நீங்களாக விடக் கூடாது. 2 வருடமாவது வராமல் இருந்தால் நிறுத்துவதைப் பற்றி டாக்டர் யோசிப்பார், அதுவும் எல்லாருக்கும் இல்லை, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். பட்டென்று நிறுத்தினால் விடாமல் தொடரும் வலிப்பு வரலாம், அது உயிருக்கே ஆபத்து.

போன மாதம்தான் வலிப்பு வந்தது. பைக் ஓட்டலாமா அண்ணிக்குத் தெரியாமல்?

அண்ணி இருக்கட்டும், லைசென்ஸ் படிவத்திலேயே வலிப்பு உண்டா என்று கேட்பார்கள், அங்கே பொய் எழுதக் கூடாது. போன மாதம்தான் வந்தது என்கிறீர்கள், இப்போதைக்கு பஸ்தான் தம்பி. படியில் தொங்காமல் உள்ளே ஏறிக்கொள்ளுங்கள்.