இசைக்கருவி கேள்வி – பதில்: பெடல் ஸ்டீல் கிட்டாரும் கணினித் திரையும்

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் தறிக்காரக் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். அமெரிக்காவில் வேலை பார்த்துத் திரும்பிய என் மைத்துனர், பத்துத் தந்திகள் உள்ள பழைய பெடல் ஸ்டீல் கிட்டார் ஒன்றை (கிடையாக வைத்து, தந்திகள் மேல் இரும்பு உருளையை நகர்த்தி, காலால் பெடல் மிதித்து வாசிப்பது) எனக்குக் கொடுத்திருக்கிறார். இங்கே இதைக் கற்றுத்தர ஆசிரியர் கிடைக்கவில்லை. தந்திகளுக்கு அடியில் வரைந்த எந்தக் கோட்டில் இரும்பை வைத்து எந்தப் பெடலை மிதித்தால் எந்தக் கார்டு (பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் கூட்டு) வரும் என்று காட்டும் மென்பொருளை வைத்து மூன்று மாதங்களாகப் பழகுகிறேன். திரையைப் பார்த்தால் எல்லாம் புரிகிறது, திரையை மூடினால் ஒன்றும் நினைவில் இல்லை. சிறுவயதில் கீதம் வரை பாட்டுப் பாடம் உண்டு. மென்பொருளால் இந்தக் கருவியில் கார்டுகளைக் கற்க முடியுமா? – அம்மாபேட்டை வாசகர் ஒருவர்

பதில்: முடியும். ஆனால் நீங்கள் அதை ஆசிரியராக வைத்திருக்கிறீர்கள்; தேர்வாளராக மாற்றினால் வேலை நடக்கும். எந்தக் கார்டு எங்கே இருக்கிறது என்பதை முதலில் நீங்கள் மனத்தால் கணக்கிட்டு, வாசித்து, காதால் கேட்டுவிட்டு, அதன் பிறகே திரையைத் திறந்து சரிபார்க்க வேண்டும்.

அதற்கும் முன்னால், மென்பொருள் எந்தக் கருவியை மனத்தில் வைத்துப் பேசுகிறது என்று பாருங்கள். தந்திகளின் சுருதியையும் ஒவ்வொரு பெடலும் முழங்கால் நெம்புகோலும் செய்யும் மாற்றத்தையும் குறிக்கும் அட்டவணைக்கு ‘கோபிடென்ட்’ என்று பெயர். பெடல்களை இடமிருந்து வலமாக ஏ, பி, சி என்று அடுக்குவது எமன்ஸ் முறை. சி, பி, ஏ என்று தலைகீழாக அடுக்குவது டே முறை. என் கைக்கு வந்த பழைய கருவி டே முறையில் இருந்தது, மென்பொருளோ எமன்ஸ் முறையை வைத்துப் படம் காட்டியது. ஏ பெடல் என்று நம்பி இடது ஓரத்தை மிதித்தேன். திரையில் மைனர் கார்டு என்றிருந்தது, காதில் எங்கும் இறங்காமல் தொங்கும் ஒலி ஒன்று கேட்டது. சுருதிதான் கலைந்துவிட்டது என்று முடிவு கட்டி இரண்டு வாரம் முறுக்காணிகளைத் திருகிக்கொண்டிருந்தேன். நீங்கள் இன்றே ஒவ்வொரு பெடலையும் தனித்தனியாக மிதித்து, எந்தத் தந்தி எவ்வளவு ஏறுகிறது என்று காதால் கேட்டு ஒரு தாளில் எழுதி, அதன்படி மென்பொருளின் அமைப்பை மாற்றுங்கள். மாற்ற இடம் தராத மென்பொருள் உங்களுக்கு உதவாது.

பத்துத் தந்திக் கருவிகளில் பெரும்பாலும் இருக்கும் ஈ9 சுருதியை எடுத்துக்கொள்வோம். கீதம் வரை பாடியவருக்கு இது மேல்நாட்டவரைவிட எளிதாகப் பிடிபடும். ஈ என்பது நம் 3 கட்டை. அதை ஷட்ஜமாக வைத்தால், உங்களுக்கு அப்பால் இருக்கும் முதல் தந்தியிலிருந்து மடியை நோக்கி வரும்போது சதுஸ்ருதி ரிஷபம், காகலி நிஷாதம், அந்தர காந்தாரம், ஷட்ஜம், பஞ்சமம், காந்தாரம், ரிஷபம், ஷட்ஜம், கைசிகி நிஷாதம், பஞ்சமம் என்று பத்தும் அமைகின்றன. 3, 4, 5 ஆகிய தந்திகளையோ 4, 5, 6 ஆகியவற்றையோ சேர்த்து மீட்டினால் ச, க, ப மூன்றும் ஒலிக்கும். அதுவே ஈ மேஜர்.

இப்போது காலுக்கு வருவோம். ஏ பெடல் பஞ்சமங்களைச் சதுஸ்ருதி தைவதமாக ஏற்றுகிறது. பி பெடல் காந்தாரங்களைச் சுத்த மத்திமமாக ஏற்றுகிறது. இரண்டையும் ஒன்றாக மிதித்தால் ச-க-ப என்பது ச-ம-த ஆகிவிடுகிறது. கையில் உள்ள இரும்பு அசையாமலே மத்திமத்தை ஆதாரமாகக் கொண்ட அடுத்த மேஜர் கார்டு பிறக்கிறது. ஏ பெடல் மட்டும் என்றால் ச-க-த, அதாவது தைவதத்தில் நிற்கும் மைனர். எஃப் நெம்புகோல் ஷட்ஜங்களைச் சுத்த ரிஷபத்துக்கு ஏற்றுகிறது. இன்னொரு நெம்புகோல் அவற்றைக் காகலி நிஷாதத்துக்கு இறக்குகிறது, அப்போது காந்தாரத்தில் நிற்கும் மைனர் கிடைக்கிறது. இருநூறு கார்டுப் படங்களைப் பார்ப்பதைவிட, ‘ப தவாகிறது, க மவாகிறது’ என்ற இந்த இரண்டை ஒரு வாரம் பாடிக்கொண்டே மிதிப்பது மேல்.

தறி மிதித்த காலுக்கு இது புதிதல்ல. ஒரு மிதியை அழுத்தினால் பாவில் குறிப்பிட்ட இழைகள் மட்டும் எழும்புகின்றன, விட்டால் பழைய இடத்துக்கு வருகின்றன. எந்த மிதிக்கு எந்த இழை என்று நெசவாளர் யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

உங்கள் மென்பொருளைவிட நல்லதொன்றை நீங்களே அரை மணி நேரத்தில் செய்துகொள்ளலாம். எக்ஸெல் போன்ற விரிதாள் ஏதேனும் போதும். ஷட்ஜத்துக்கு 0 என்று தொடங்கி ஒவ்வொரு அரைச்சுரத்துக்கும் ஒன்று கூட்டினால் ரிஷபம் 2, காந்தாரம் 4, மத்திமம் 5, பஞ்சமம் 7, தைவதம் 9, கைசிகி நிஷாதம் 10, காகலி 11 என்று வரும். ஒரு தந்தியின் எண்ணோடு கோட்டின் எண்ணையும் பெடல் ஏற்றும் அளவையும் கூட்டி, 12-ஆல் வகுத்து, மீதியை மட்டும் காட்டச் சொல்லுங்கள். 3-ஆம் கோட்டில் இரும்பை வைத்து ஏ பெடலையும் எஃப் நெம்புகோலையும் சேர்த்து அழுத்துவதாக வைத்துக்கொள்வோம். 4-ஆம் தந்தி: 0+3+1, ஆக 4. 5-ஆம் தந்தி: 7+3+2, ஆக 12, மீதி 0. 6-ஆம் தந்தி: 4+3, ஆக 7. நான்கு, பூஜ்யம், ஏழு என்றால் க, ச, ப. திறந்த தந்திகளில் கேட்ட அதே ஈ மேஜர் மூன்று கோடு தள்ளி வேறு அடுக்கில் நிற்கிறது. 7-ஆம் கோட்டில் ஏ, பி இரண்டையும் மிதித்துக் கூட்டினால் 7, 4, 0 என்று அதே கார்டு மூன்றாம் முறை வரும்.

ஒரே கார்டு 0, 3, 7 என்ற மூன்று இடங்களில் இருக்கிறது என்ற இந்த ஒரு செய்தியைக் கையில் ஏற்றிவிட்டால் பாதிக் கடல் தாண்டியாயிற்று, ஏனெனில் எந்தச் சுருதிக்குப் போனாலும் இந்த இடைவெளிகள் மாறுவதில்லை. 5 கட்டையான ஜி-க்கு 3, 6, 10 என்று எல்லாம் மூன்று கோடு நகரும், அவ்வளவுதான். மூன்று கார்டுப் பாட்டுக்கு இன்னும் ஒன்று வேண்டும்: ஈ சுருதியில் பஞ்சமத்துக் கார்டு, 2-ஆம் கோட்டில் அதே ஏ, பி மிதிகளோடு கிடைக்கிறது. இதையும் விரிதாளில் போடாமல் முதலில் மனக்கணக்காகப் பாருங்கள். 2, 11, 7 என்று வர வேண்டும்.

பயிற்சிக்குக் கைப்பேசியில் தம்புரா செயலியை 3 கட்டையில் ஓடவிட்டு, 0, 3, 7 மூன்று இடங்களிலும் அந்தக் கார்டை வாசியுங்கள். இந்தக் கருவியில் மெட்டுகள் கிடையாது, கோடுகள் வரைந்தவை மட்டுமே. இரும்பு கோட்டுக்கு ஒரு நூல் முன்பின் நின்றாலும் தம்புரா காட்டிக்கொடுத்துவிடும், திரைப் புள்ளியோ எப்போதும் சரியான இடத்திலேயே மின்னிக்கொண்டிருக்கும். மிதிக்கும் நேரத்தையும் திரை சொல்லாது. மீட்டுவதற்கு முன் மிதித்தால் வெறும் கார்டு. மீட்டியபின் ஒலி நீளும்போதே மிதித்தால் ஒரு சுரம் நகர மற்றது நிற்கும் அந்த அழுகை வருகிறது. 1954-இல் வெளிவந்த கன்ட்ரி இசைப் பாடகர் வெப் பியர்ஸின் இசைத்தட்டில் ஸ்டீல் கிட்டார்காரர் பட் ஐசக்ஸ் அப்படி மிதித்ததைக் கேட்டுத்தான் அமெரிக்காவின் மற்ற ஸ்டீல் கிட்டார்காரர்கள் தங்கள் கருவிகளுக்குப் பெடல் பொருத்த ஓடினார்கள். இதைக் கற்க அடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும்: சுருதி மாறாமல் பாட்டின் வேகத்தைப் பாதியாக்கிக்கொண்டு, கால் எப்போது இறங்குகிறது என்று கேளுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவுக்குக் கிட்டார் வாசிக்கிறேன். ஒலிப்பதிவைக் கொடுத்தால் கார்டுகளைக் கண்டுபிடித்துத் தரும் செயலி ஒன்றைப் பயன்படுத்துகிறேன். சாதாரணக் கிட்டார்ப் பாட்டுகளுக்குச் சரியாகவே சொல்கிறது. பெடல் ஸ்டீல் தனியாக வரும் இடங்களில் ஒரே வரிக்கு மூன்று முறை மூன்று விடை தருகிறது. செயலியின் குறையா, என் பதிவின் குறையா? – ஏற்காடு வாசகர்

பதில்: இரண்டும் இல்லை. பெடல் ஸ்டீல் வாசிப்பவர் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று தந்திகளையே மீட்டுகிறார். முழுக் கார்டு அங்கே இல்லை, அதன் ஒரு துண்டு மட்டும் இருக்கிறது. மேலே சொன்ன ஏ பெடல் கார்டையே பாருங்கள். சி ஷார்ப், ஈ, ஜி ஷார்ப் என்ற மூன்று சுரங்கள் தனியாக ஒலித்தால் சி ஷார்ப் மைனர். அவற்றின் அடியில் பேஸ் கிட்டார் ஈ என்று வாசித்தால் அது ஈ6. பேஸ் ஏ என்று வாசித்தால் ஏ மேஜர் 7. ஸ்டீல்காரரின் கையும் காலும் மூன்றிலும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. அதோடு, சுரங்கள் வழுக்கிக்கொண்டே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும்போது, நடுவழியில் செயலி கேட்டது எந்தச் சுரம் என்று அதற்கும் தெரியாது.

ஆகவே செயலி தரும் பெயரை விட்டுவிட்டு முதலில் பேஸை மட்டும் முணுமுணுத்துப் பிடியுங்கள். அதன் மேல் ஸ்டீலின் உச்சிச் சுரத்தைப் பிடியுங்கள். இடையில் என்ன இருக்க முடியும் என்பதற்கு அதிகம் போனால் இரண்டு விடைகள்தான் மிஞ்சும். உங்கள் ஊர் மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே ஏறுகிறவருக்கு எந்த வளைவில் இருக்கிறோம் என்று பலகையைப் பார்க்கத் தேவையிருக்காது. செயலியின் விடையை ஊகமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் வீணை கற்பிக்கிறேன். என் மகன் மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிட்டாரைக் கைப்பேசியில் உள்ள ட்யூனர் செயலியால் சுருதி சேர்க்கிறான். ஒவ்வொரு தந்தியும் பச்சை விளக்கில் நிற்கிறது, ஆனால் கார்டாக வாசிக்கும்போது காந்தாரம் ஏறியிருப்பதாக என் காதுக்குப் படுகிறது. ‘செயலி பொய் சொல்லாது, அம்மா’ என்கிறான். – ஃபேர்லேண்ட்ஸ் வாசகி

பதில்: செயலி பொய் சொல்லவில்லை, உங்கள் காதும் பொய் சொல்லவில்லை. செயலி பேசுவது பியானோவின் சம இடைவெளிச் சுருதியை. அதில் காந்தாரம் ஷட்ஜத்திலிருந்து 400 சென்ட் (ஓர் அரைச்சுரத்துக்கு 100 சென்ட்) உயரத்தில் இருக்கிறது. தம்புராவில் தானாகப் பிறக்கும் அந்தர காந்தாரம் 5/4 என்ற விகிதம். அது ஏறக்குறைய 386 சென்ட். அந்த 14 சென்ட் வேறுபாட்டைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். சாதாரணக் கிட்டாரில் ஒலி சீக்கிரம் தேய்ந்துவிடுவதால் இது அவ்வளவாக உறுத்தாது. ஸ்டீலில் ஒலி நீண்டு நிற்பதால் ஏறிய காந்தாரம் ‘வவ்வவ்’ என்று துடிப்பது நன்றாகவே கேட்கும்.

இதனால்தான் ஸ்டீல் கிட்டார்காரர்கள் பலர் காந்தாரங்களை ட்யூனர் சொல்வதற்குச் சற்றுக் கீழே வைக்கிறார்கள். பீட்டர்சன் ட்யூனர்களில் பெடல் ஸ்டீலுக்கென்றே இப்படி இனிமையாக்கிய சுருதி அமைப்புகள் உள்ளன. மகனிடம் ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் செயலியால் சேர்க்கச் சொல்லுங்கள். காந்தாரத்தை மட்டும் நீங்கள் சேர்த்துக் கொடுங்கள். கீபோர்டுடன் சேர்ந்து வாசிக்கும் நாளில் பாதி வழியில் சமரசம் செய்துகொள்ள வேண்டியிருக்கும், அது வேறு விஷயம்.

கேள்வி: தாத்தா விட்டுப்போன ஆறு தந்தி ஹவாயன் கிட்டார் வீட்டில் இருக்கிறது. பெடல் கிடையாது. பெடல் ஸ்டீல் மென்பொருளை வைத்து இதில் கார்டு பழகலாமா? உருட்டும் இரும்பும் தொலைந்துவிட்டது. – சூரமங்கலம் வாசகர்

பதில்: ஈ9 படங்களை ஒதுக்கிவிடுங்கள், அவை பெடல் இல்லாமல் அரைகுறையாகவே நிற்கும். தடித்த தந்தியிலிருந்து சி, ஈ, ஜி, ஏ, சி, ஈ என்று சி6 சுருதி சேர்த்து, விரிதாளில் பெடல் கணக்கில்லாமல் அந்த ஆறு எண்களை மட்டும் போடுங்கள். அடி நான்கு தந்திகள் சேர்ந்தால் சி6, பேஸை ஏ என்று எண்ணினால் ஏ மைனர் 7. மெல்லிய மூன்று தந்திகள் மட்டும் ஏ மைனர். பெடல் செய்யும் சில வேலைகளை இரும்பைச் சாய்த்துப் பிடித்துச் செய்யலாம், ஆனால் அந்தக் கோணத்தை எந்தத் திரையும் காட்டிப் பழக்காது. கோட்டுவாத்தியக்காரர் கருங்காலிக் கட்டையைப் பழகுவதுபோல் கையால்தான் வரும்.

இரும்புக்கு வெளியூர் போக வேண்டாம். இரும்பாலை இருக்கும் ஊரில் எவர்சில்வர் உருளைக்கா பஞ்சம்? ஏதேனும் ஒரு லேத் பட்டறையில் 19 முதல் 22 மில்லிமீட்டர் விட்டம், 75 மில்லிமீட்டருக்குக் குறையாத நீளம் என்று சொல்லி, ஒரு முனையைத் தோட்டா போல உருட்டி, மேற்பரப்பைக் கண்ணாடியாக மெருகேற்றித் தரச் சொல்லுங்கள். நகத்தால் தடவிப் பாருங்கள்; கடைசல் வரி தட்டுப்பட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், தந்தியில் அது கரகரக்கும்.