எத்தனை பேரில் எத்தனை?

சென்ற இதழில் எங்கள் நோய்ப்பரவலியல் துறை மாணவர்கள் பெற்ற பரிசுகள், வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகள், முடித்த முனைவர் பட்டங்கள் பற்றி ஒரு பக்கச் செய்தி வந்தது. அதைப் படித்துவிட்டு எழுதியவர்களின் கேள்விகளே இம்முறை அதிகம். கோலாலம்பூரில் அந்தத் துறையில் பாடம் நடத்துகிறவள் என்பதால் பதில் எழுதும் பொறுப்பை ஆசிரியர் என்னிடம் கொடுத்தார்.

நம் பிள்ளைகளின் படங்களைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. ஆனால் ஒன்று புரியவில்லை. சுவரொட்டிப் பரிசு, ஆய்வுக் கட்டுரை என்றெல்லாம் போட்டிருக்கிறீர்கள். இவர்கள் எந்த நோயைக் குணப்படுத்தினார்கள்?
– ஒரு தாய், செந்தூல்

ஒரு நோயையும் குணப்படுத்தவில்லை, அம்மா. கிளினிக்கில் டாக்டர் தன் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பார்க்கிறார். எங்கள் பிள்ளைகள் அவர் குடியிருக்கும் தாமான் முழுவதையும் பார்க்கிறார்கள். யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை, எப்போது, எந்தத் தெருவில், வந்தவர்களும் வராதவர்களும் எதில் வேறுபடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே போவார்கள்.

அந்தக் கேள்வியால் என்ன பயன் என்பதற்கு நிப்பா வைரஸ் பரவிய கதை ஒன்று போதும். 1998 பிற்பகுதியில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைக்காரர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணிப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நிற்கவில்லை. நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா என்று பரவியது. நோயாளிகள் யார் யார் என்று வரிசைப்படுத்திப் பார்த்தபோதுதான் கணக்கு இடித்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் பன்றிகளைக் கையால் தொட்டு வேலை செய்த பெரியவர்கள். தடுப்பூசி போட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். பன்றிகளும் இருமி இருமிச் செத்தன. கொசு கடித்திருந்தால் ஆள் பார்த்தா கடிக்கும்?

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில், இன்னும் பயிற்சியில் இருந்த டாக்டர் சுவா கௌ பிங் அந்தப் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். அதன்பின் வழி தெரிந்தது. சுமார் 10 லட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன, பரவல் நின்றது. அதற்குள் மலேசியாவில் 265 பேருக்கு நோய் வந்து 105 பேர் இறந்திருந்தார்கள். பண்ணைகளில் கூலிக்கு இருந்த நம் தமிழர்களும் அதில் உண்டு. அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

சுவரொட்டிப் பரிசையும் லேசாக நினைக்காதீர்கள். இரண்டு வருட உழைப்பை ஒரே தாளில் அடக்கி அதன் பக்கத்தில் நிற்க வேண்டும். நடுவர் வந்து, "எத்தனை வீட்டில் கதவைத் திறக்க மறுத்தார்கள்?" என்பார். உண்மையான எண்ணைத் தயங்காமல் சொல்லி, அதனால் தன் முடிவு எவ்வளவு மாறக்கூடும் என்றும் விளக்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் பரிசு.

சுகாதார ஆய்வு என்று ஒரு மாணவி என் வீட்டுக்கு மூன்று முறை வந்துவிட்டார். இரண்டு முறை நான் வெளியில் இருந்தேன். பக்கத்து வீட்டில் ஆள் இருக்கும்போது அங்கே கேட்டுவிட்டுப் போகலாமே? அதோடு, நம் விவரங்களைக் கொடுப்பது பத்திரமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பக்கத்து வீட்டுக்குப் போகக்கூடாது, ஐயா. உங்கள் வீடு குலுக்கல் முறையில் தேர்வானது. பகலில் கதவைத் திறப்பவர்கள் யார்? ஓய்வு பெற்றவர்கள், வீட்டில் இருக்கும் பெண்கள், உடம்பு முடியாமல் விடுப்பில் இருப்பவர்கள். தொழிற்சாலையில் இரண்டு ஷிப்ட் பார்ப்பவரும் லாரி ஓட்டுபவரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். பூட்டிய வீட்டையெல்லாம் விட்டுவிட்டுத் திறந்த வீடாகப் பார்த்துக் கேட்டால், பட்டர்வொர்த்தில் எல்லாருமே வயதானவர்கள், பாதிப் பேருக்கு முட்டிவலி என்றுதான் கணக்கு வரும். அதனால்தான் அந்தப் பெண் வேறு நாள், வேறு நேரம் என்று திரும்பத் திரும்ப வந்தார். லிஃப்ட் ஓடாத அடுக்குமாடிகளில் இரவு எட்டு மணிக்கு என் மாணவர்கள் படியேறிப் போவதும் இதற்காகத்தான். சில ஆய்வுகளில் எல்லார் வீட்டுக்கும் மறுபடி போக வேண்டியிருக்கும். தேசிய பல்கலைக்கழகத்தின் 'மலேசியன் கோஹார்ட்' ஆய்வில் 35 முதல் 70 வயது வரை ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் சேர்ந்தார்கள். வருடக்கணக்கில் அவர்களைத் தொடர்ந்து பார்ப்பதில்தான் அந்த ஆய்வின் பலமே இருக்கிறது.

இன்னொன்று கேட்டுக்கொள்கிறேன். கேள்விக்குப் பதில் சொல்லும்போது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். "இனிப்புநீர் (நீரிழிவு) இருக்கிறதா?" என்று கேட்டால், "இல்லைம்மா, மாத்திரை சாப்பிடுகிறேன், கட்டுப்பாட்டில் இருக்கிறது" என்பார் ஒருவர். மாணவர் 'இல்லை' என்று குறித்துக்கொண்டு போய்விட்டால் ஒரு நோயாளி கணக்கிலிருந்து காணாமல் போய்விடுவார். மாத்திரைப் பையை எடுத்து வந்து காட்டினால் இன்னும் நல்லது.

பத்திரம் பற்றி: ஆய்வு நெறிக்குழு அனுமதி இல்லாமல் எந்த மாணவரும் உங்கள் வாசலுக்கு வர முடியாது. விளக்கத் தாள் ஒன்று தருவார். மேற்பார்வையாளரின் தொலைபேசி எண் அதில் இருக்கும், கூப்பிட்டு விசாரியுங்கள். பல்கலைக்கழக அட்டையைக் கேளுங்கள். உங்கள் பெயரைத் தனியே எடுத்துவிட்டு, பதில்களை ஒரு குறியீட்டு எண்ணின் கீழ் வைப்பார்கள். பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம், நடுவில் நிறுத்திக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு. வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்டாலோ மருந்து வாங்கச் சொன்னாலோ அது ஆய்வே இல்லை. கதவைச் சாத்திவிடுங்கள்.

தோட்டத்தில் நம்மவர்களைக் காப்பாற்றியது புழுங்கல் அரிசி என்று என் தாத்தா சொல்வார். பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அதில் உண்மை உண்டா?
– 74 வயது வாசகர், ஜெலுத்தோங்

உண்டு, ஐயா. பேரப்பிள்ளைகளை உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள்.

நூறு ஆண்டுகளுக்கும் முன் இந்த நாட்டில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. கால் வீங்கும், மரத்துப்போகும், நடக்க முடியாது, கடைசியில் இதயம் நின்றுவிடும். தீட்டிய வெள்ளை சியாம் (தாய்லாந்து) அரிசி சாப்பிட்ட சீனச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு அதிகம் வந்தது. அதே வெயிலில் அதே மண்ணில் உழைத்த தமிழர்களுக்கு அநேகமாக வரவில்லை. கிருமி என்றார்கள் சிலர், இடத்தின் ஈரம் என்றார்கள் சிலர். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் அரிசியைச் சந்தேகித்தார்.

1905-இல் கோலாலம்பூர் மனநல விடுதியில் டாக்டர் ஃபிளெட்சர் அதைச் சோதித்தார். விடுதியில் இருந்தவர்களை வரிசையாக நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை எண்காரர்களுக்கு சியாம் வெள்ளை அரிசி, இரட்டைப்படை எண்காரர்களுக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. மற்றச் சாப்பாடு எல்லாம் ஒன்றே. வெள்ளை அரிசி சாப்பிட்ட 120 பேரில் 36 பேருக்குப் பெரிபெரி, 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் சாப்பிட்ட 123 பேரில் நோய் இருந்தவர்கள் 2 பேர், அவர்களும் நோயோடு வந்து சேர்ந்தவர்கள். யாரும் இறக்கவில்லை. கட்டடத்தில்தான் கோளாறோ என்ற சந்தேகமும் மிஞ்சக்கூடாது என்று நடுவில் இரு தரப்பையும் வார்டு மாற்றிப் பார்த்தார். நோய் அரிசியின் பின்னாலேயே போயிற்று. 1907-இல் இது லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. பிறகு, 1900-இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டாண்டனும் ஜெலுபு பக்கம் ஜாவானியச் சாலைத் தொழிலாளர்களிடையே அதே முடிவைக் கண்டார்கள்.

காரணம் எளிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுக்கப் போகாது. வைட்டமின் என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை. நம் பாட்டிமார் அவித்த நெல், உலக மருத்துவ வரலாற்றில் ஒரு பெரிய கேள்விக்கு விடை சொன்னது. என் முதலாண்டு வகுப்பில் இந்தக் கதையை நான் ஒருபோதும் விடுவதில்லை.

அதே வகுப்பில் இதையும் சொல்வேன். அந்த விடுதிக்காரர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. மனநோயாளிகள், கேட்க ஆளில்லாதவர்கள். பதினெட்டு உயிர் போயிற்று. இன்றைக்கு அந்த ஆய்வை நெறிக்குழு அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது.

தோட்டத்தில் நம்மவர்கள் நலமாக இருந்தார்கள் என்றும் எண்ணிவிட வேண்டாம். பெரிபெரி விட்டுவைத்தவர்களை மலேரியா கொண்டுபோயிற்று. காட்டை வெட்டி ரப்பர் நட்ட மலைப்பகுதி ஓடைகளில், வெயில் படும் தெளிந்த நீரில் ஒரு வகைக் கொசு பெருகியது. டாக்டர் மால்கம் வாட்சன் அதைக் கண்டறிந்து வடிகால் போடச் சொல்வதற்குள் லயங்கள் பல காலியாகியிருந்தன. என் அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்தவர். மூத்த டிரஸ்ஸர்கள் தனக்குச் சொன்ன காய்ச்சல் காலக் கதைகளை எங்களுக்கு அவர் சொல்லியிருக்கிறார். இந்தத் துறைக்கு நான் வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

என் அக்கா மகன் மூன்று வருடம் ஆராய்ச்சி செய்து, கடைசியில் 'தொடர்பு எதுவும் இல்லை' என்று எழுதியிருக்கிறான். வீண்தானே?
– வாசகி, கிள்ளான்

வீணே இல்லை. உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாத ஒன்றை இருபது பேர் தனித்தனியே ஆராய்ந்தால், வழக்கமான அளவுகோலின்படி சராசரியாக ஒருவருக்குத் தற்செயலாகவே 'தொடர்பு உண்டு' என்று வந்துவிடும். மற்ற 19 பேரும் வெட்கப்பட்டுத் தங்கள் முடிவை மேசைக்குள் வைத்துப் பூட்டிவிட்டால், உலகம் அந்த ஒன்றை மட்டும் படித்து ஏமாறும். உங்கள் அக்கா மகன் மறைக்காமல் எழுதினார். வேறு பதில் வரும்வரை எண்களை முறுக்கிக்கொண்டே இருப்பது சுலபம், அந்த ஆசையும் வரும். அதற்கு இடம் கொடுக்காத பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிட்டு விருந்து வையுங்கள்.

இனிப்புநீர் நம் இரத்தத்திலேயே இருக்கிறது, என்ன செய்தாலும் வரும் என்கிறார்களே?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பாதி சரி. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களில் 31.4 விழுக்காடு. பரம்பரைக்கு அதில் பங்கு உண்டு. உடல் பருமனாகத் தெரியாவிட்டாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேரும் உடல்வாகு நமக்கு. ஆனால், 'என்ன செய்தாலும் வரும்' என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நடப்பதும், இடுப்பளவைக் குறைப்பதும், இனிப்புப் பானத்தை விடுவதும் நோய் வருவதைத் தள்ளிப்போடும், பலருக்கு வராமலே தடுக்கும். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, அதற்கு மேல் இடுப்பு போனால் கவனம் தேவை.

அந்த ஆய்வில் என்னை அதிகம் உறுத்தியது வேறு எண். மொத்தப் பெரியவர்களில் 8.9 விழுக்காட்டினருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது, அதாவது நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர். அரசு கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான். 40 வயதைத் தாண்டிய குறைந்த வருமானக்காரர்களுக்கு பெக்கா பி40 திட்டத்தில் பரிசோதனை இலவசம். தீபாவளி முடியட்டும் என்று தள்ளாமல் இந்த வாரமே போய்விட்டு வாருங்கள்.

நான் ஆறாம் படிவ மாணவி. டாக்டர் சீட் கிடைக்காவிட்டாலும் இந்தத் துறைக்கு வர முடியுமா?
– மாணவி, புக்கிட் மெர்தாஜாம்

வரலாம் மா. பொதுச் சுகாதார மருத்துவ நிபுணர் ஆவதற்குத்தான் எம்.பி.பி.எஸ். கட்டாயம். உயிர்மருத்துவம், தாதிமை, மருந்தியல், புள்ளியியல் படித்தவர்களும் முதுகலையில் நோய்ப்பரவலியல் எடுக்கலாம். சுகாதார அமைச்சின் ஆய்வுக் கழகங்கள், மருத்துவமனை ஆய்வுப் பிரிவுகள், பல்கலைக்கழகங்கள் என்று வேலைக்கு இடம் உண்டு. சம்பளம் மருத்துவரளவு இருக்காது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கணிதத்தை விடாதே. அப்புறம், உன் பகுதியில் நோய்ச் செய்தி எதைப் படித்தாலும் பென்சிலை எடு. ஒரு அடுக்குமாடியில் 20 பேருக்கு டிங்கிக் காய்ச்சல், பக்கத்துத் தாமானில் 8 பேருக்கு என்று வைத்துக்கொள். எது மோசம்? அடுக்குமாடியில் 4,000 பேரும் தாமானில் 400 பேரும் இருந்தால் ஆயிரத்துக்கு எத்தனை என்று போட்டுப் பார். விடையை எனக்கு எழுது, அந்தத் தாமானில் முதலில் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவாய், ஏன் என்பதையும் சேர்த்து.