25 மீட்டர் குளத்தில் படைக்கப்படும் நீச்சல் சாதனைகளுக்கு மதிப்பு உண்டா?

ஒலிம்பிக் நடப்பது 50 மீட்டர் குளத்தில். பாதி நீளக் குளத்தில் சுவரை உதைத்து உதைத்து நேரத்தைக் குறைப்பதை உலக சாதனை என்று கொண்டாடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கொண்டாடலாம் என்பது என் பதில்.

நேரம் குறையச் சுவர்தான் காரணம், அது சரி. சுவரை உதைத்துக் கிளம்பும் நொடியில் இருக்கும் வேகம், மேலே வந்து கை வீசும்போது யாருக்கும் கிடைப்பதில்லை. நீர்ப்பரப்புக்குக் கீழே போனால் அலையின் இழுப்பும் குறைவு. அதனால் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் சேர்த்து நீட்டி, டால்ஃபின் மாதிரி இடுப்பிலிருந்து உதைத்து வருகிறார்கள். பிரெஸ்ட் ஸ்ட்ரோக் (தவளை மாதிரி நீந்துவது) தவிர மற்ற நீச்சல்களில் 15 மீட்டருக்குள் தலை வெளியே வந்தாக வேண்டும். 100 மீட்டர் போட்டியில் தொடக்கமும் மூன்று திருப்பங்களும் சேர்த்தால் 60 மீட்டர் வரை நீருக்கடியிலேயே கடக்கலாம். பெரிய குளத்தில் இது 30 மீட்டர்தான்.

ஆனால் அந்த 60 மீட்டரும் மூச்சில்லாமல் போக வேண்டிய தூரம்! கடைசித் திருப்பத்துக்கு வரும்போது நெஞ்சு காற்றுக்குத் தவிக்கும், தொடை கல்லாக இறுகியிருக்கும். அப்போதும் அவசரப்பட்டு மேலே வராமல் இன்னும் நான்கு உதை உதைக்க வேண்டும். கொஞ்சமாவது முயன்று பார்த்தவர்கள் இதை இலவச வேகம் என்று சொல்லவே மாட்டார்கள்.

2024 டிசம்பரில் புடாபெஸ்டில் நடந்த 25 மீட்டர் குள உலக சாம்பியன்ஷிப்பில் அமெரிக்காவின் கிரெட்சன் வால்ஷ் 7 தங்கம் வென்றார். இரண்டு கையையும் சேர்த்து வீசி நீந்தும் பட்டர்ஃபிளையில் 100 மீட்டரை 52.71 நொடியில் முடித்தார். அதே ஆண்டு ஜூனில் பெரிய குளத்தில் அவர் படைத்த உலக சாதனை 55.18. கிட்டத்தட்ட இரண்டரை நொடி வித்தியாசம். சுவர் எல்லா லேனுக்கும் பொதுதானே? அங்கே அவரைப் போல யாரும் போகவில்லை. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட்டு, முழங்காலை மடக்கித் திரும்பி, மறுபடி கிளம்பும் அந்த இடத்தை மட்டும் வீடியோவில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பக்கத்து லேன்காரர்கள் மேலே வந்து நீந்தத் தொடங்கிய பிறகும் அவர் கீழேயே போய்க்கொண்டிருப்பார்.

அதே போட்டியில் கேமன் தீவுகளின் ஜோர்டன் குரூக்ஸ் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் அரையிறுதியை 19.90 நொடியில் முடித்தார். 20 நொடிக்குள் அந்தத் தூரத்தை நீந்திய முதல் மனிதர் அவர்தான். மறுநாள் இறுதியில் தங்கமும் அவருக்கே. நீச்சல் வல்லரசுகளுக்கு நடுவே அவ்வளவு சின்னத் தீவுகளின் கொடி ஏறுவதைப் பார்க்க எனக்கு அத்தனை சந்தோஷம்.

இதை ஒலிம்பிக் நீச்சலோடு ஒப்பிட்டு எடை போடுவதே சரியில்லை என்று நினைக்கிறேன். பெரிய குளத்தில் நீண்ட தூரத்துக்குச் சீராகக் கை வீசும் திறமை கூடுதலாகத் தெரியும், இங்கே திருப்பம் தெரியும். அதனால்தான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வால்ஷை 0.04 நொடியில் முந்தி இன்னொரு அமெரிக்க வீராங்கனை டோரி ஹஸ்கி 100 மீட்டர் பட்டர்ஃபிளை தங்கத்தை எடுத்ததும் எனக்கு முரணாகப் படவில்லை.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறீர்கள் என்றால் நான்கு வகை நீச்சலையும் ஒருவரே நீந்தும் 100 மீட்டர் தனிநபர் மெட்லேயை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு 25 மீட்டருக்கும் நீச்சல் வகை மாற வேண்டும், மாறுவதற்குச் சுவர் வேண்டும். அதனால் 50 மீட்டர் குளத்தில் இந்தப் போட்டியே கிடையாது.