மழை கேபிளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருகிறது

கேள்வி: ஃபைபர் இணையம், டிஷ் ஒயர், இரண்டு கேமரா கேபிள் என்று வீட்டின் வெளிச்சுவர் முழுக்க சிலந்தி வலை மாதிரி ஒயர்கள். போதாக்குறைக்கு, கேபிள் நுழையும் ஓட்டை வழியாக மழைத்தண்ணீர் வந்து உள்சுவர் ஊறிவிட்டது. சிலிக்கான் வைத்து அடைத்தும் நிற்கவில்லை. அழகாக ஒதுக்க வழி சொல்லுங்கள்.

பதில்: அழகு அப்புறம். முதலில் தண்ணீரைக் கவனிப்போம்.

உங்கள் கேபிள் மேலேயிருந்து இறங்கி நேராக ஓட்டைக்குள் போகிறது என்று நினைக்கிறேன். அப்படியானால் அது தண்ணீருக்கு நீங்களே போட்டுக் கொடுத்த பாதை. ஓட்டையைத் தாண்டி ஒரு சாண் கீழே இறக்கி, வளைத்து, மறுபடி மேலேற்றி உள்ளே விடுங்கள். கேபிளோடு வரும் தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிப் போகும். ஓட்டையும் வெளிப்பக்கம் தாழ்ந்து சரிந்திருக்க வேண்டும். நான் தொழிலுக்கு வந்த புதிதில், ஏணியில் நின்றபடி வெளியிலிருந்து டிரில் போட்டு, உள்பக்கம் சரிவாகத் துளைத்துவிட்டேன். அடுத்த மழைக்கு அந்த வீட்டம்மா ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே பக்கெட் வைத்திருந்தார். அதிலிருந்து உள்ளே நின்றுதான் துளைக்கிறேன். கடைசி ஓர் அங்குலத்தில் அழுத்தத்தைக் குறைத்தால் வெளிப்பூச்சு பெயராது. இவ்வளவும் செய்தபின், பழைய சிலிக்கானைச் சுரண்டிவிட்டு, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு புதிதாகப் பூசுங்கள். ஈரச் சுவரில் அது ஒட்டாது.

சரி, இனி அழகு. ஒவ்வோர் ஒயரும் எங்கிருந்து எங்கே போகிறது என்று தேடிப் பாருங்கள். எதையும் இணைக்காத பழைய ஒயர் ஒன்றாவது நிச்சயம் தொங்கும், அதைக் கழற்றினாலே பாதி சுமை குறையும். மீதியை சன்ஷேடின் அடி மூலை, சுவர் மூலை, மழைநீர்க் குழாயின் மறைவு என்று கொண்டுபோங்கள். அந்தக் குழாயோடு சேர்த்துக் கட்ட வேண்டாம், அதை ஒருநாள் மாற்ற வேண்டிவரும். செங்குத்தாக இறங்கும் இடத்தில் தூக்குக்குண்டு விட்டுக் கோடு போடுங்கள். அரை அங்குலம் கோணினாலும் தெருவிலிருந்து தெரியும்.

கேமரா கேபிள்களுக்கு 25 மி.மீ. பி.வி.சி. பைப் போதும். திரும்பும் இடத்தில் சட்டென்று மடங்கும் எல்போ வேண்டாம், நீள வளைவுள்ள ‘பெண்ட்’ போடுங்கள். உள்ளே ஒரு நைலான் கயிற்றையும் விட்டு வையுங்கள். நாளைக்கு இன்னொரு கேமரா வைத்து, அதன் கேபிளை அந்தக் கயிற்றில் கட்டி இழுக்கும்போது என்னை நினைத்துக்கொள்வீர்கள்! கரண்ட் ஒயரை அதே பைப்பில் நுழைக்கவே கூடாது, ஒரு சாணாவது தள்ளித் தனிப் பைப்பில் போகட்டும். ஒயரைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டையான கேபிள் டையில், வெள்ளை டை வெயிலில் உளுத்து உதிர்ந்துவிடும், வெயில் தாங்கும் கறுப்பு டை வாங்குங்கள். கேபிளும் அப்படித்தான், வீட்டுக்குள் போடும் ரகத்தின் மேல்தோல் வெளியில் வெடித்துவிடும்.

ஃபைபரை ஒரு டம்ளரைச் சுற்றும் அளவுக்கு வளைக்கலாம், அதற்கு மேல் மடக்கினால் சிக்னல் போய்விடும். அதை நீங்களே வெட்டி ஒட்டவும் முடியாது, அதற்குத் தனி மெஷின் வேண்டும். இணைப்புக் கொடுத்தவர்களையே கூப்பிடுங்கள். ஆனால் அவர்கள் ஏணி போடுமுன் சுவரில் சாக்பீஸால் கோடு கிழித்து வையுங்கள். இல்லாவிட்டால் மறுபடியும் நடுச்சுவரில்தான் இழுத்துவிட்டுப் போவார்கள்.